காலையில் கட் ஆகாது, மதியம் பிடிக்காது: கியர்பாக்ஸை இறக்குமுன்

கேள்வி: ஐயா, என்னுடையது இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பத்துச் சக்கர லாரி. நானே ஓட்டுகிறேன். கிளட்ச் பூஸ்டர் உள்ள வண்டி. எட்டு மாதத்துக்கு முன் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டேன். மாஸ்டர் சிலிண்டரையும் பூஸ்டரையும் தொடவில்லை. மூன்று மாதத்துக்கு முன் கிளட்ச் ஆயில் குறைந்திருந்ததால் கையிலிருந்த ஆயிலை ஊற்றினேன். பிறகு காலையில் வண்டியை எடுக்கும்போது முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்று அரைக்கத் தொடங்கின. பெடலை மூன்று நான்கு முறை அடித்தால் கியர் விழுகிறது. மெக்கானிக் பெடல் ராடை நீட்டி அட்ஜஸ்ட் செய்தார். கொஞ்சம் தேவலை. ஆனால் இப்போது மதியத்துக்கு மேல் லோடோடு ஏற்றம் ஏறும்போது என்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை. கருகல் வாசனையும் வருகிறது. அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடுகிறது. காலையில் அதே லோடோடு ஏறினால் இந்தத் தொல்லை இல்லை. பிளேட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். எட்டு மாதத்தில் பிளேட் போகுமா?

பதில்: போகும். மோசமாக ஓட்டினால் எட்டே நாளிலும் போகும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பிளேட் மீது பழி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. கியர்பாக்ஸை இறக்க இன்னும் சம்மதிக்காதீர்கள். ஓர் இரும்பு ஸ்கேல், ஒரு சாக்பீஸ், பூஸ்டரில் ஆயிலோடு கலந்த காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளுக்குப் பொருந்தும் ஸ்பேனர், உதவிக்கு ஓர் ஆள். இவை இருந்தால் ஒரே நாளில் விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் இரண்டு தொல்லைகளையும் பிரித்துக்கொள்வோம். காலையில் கிளட்ச் கட் ஆகவில்லை. பெடலை அடிவரை மிதித்தும் பிளேட், என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலோடு உரசிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட் நிற்பதில்லை, கியர் அரைக்கிறது. மதியம் நடப்பது வழுக்கல். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரஷர் பிளேட் தன் முழு பலத்தோடு பிளேட்டை அழுத்தவில்லை. ஒன்று போதிய அளவு விலகாத குறை, இன்னொன்று போதிய அளவு நெருங்காத குறை. இரண்டும் ஒரே நாளில், ஒரே வண்டியில், வேளை பார்த்து மாறி மாறி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பெடல், ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், காற்றின் பலத்தைச் சேர்க்கும் பூஸ்டர், ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க் என்று போகும் பாதையைத்தான். தேய்ந்துபோன பிளேட்டுக்குக் காலை, மதியம் என்று வேளை கிடையாது. அது காலையிலும் அதே ஏற்றத்தில் வழுக்கும்.

பிளேட்டின் உராயும் பரப்பான லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தாலும் இரண்டு குறையும் சேர்ந்து வரலாம்: காலையில் ஒட்டிக்கொள்ளும், சூடானதும் வழுக்கும். அதைப் பின்னால் பார்ப்போம். பெடலை மூன்று நான்கு முறை அடித்தால் கியர் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை எண்ணெய்ப் பக்கம் போகவிடாமல் நிறுத்துகிறது. பெடலை அடித்து அடித்துச் சரியாகும் குறை, ஆயில் லைனில் காற்று புகுந்திருப்பதையோ மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் ஆயிலைப் பின்னால் விடுவதையோ காட்டும். ஃப்ளைவீல் பக்கத்தில் இருக்கும் குறை இப்படிப் பெடலடிக்குப் பணியாது.

அடுத்த தடயம், ஆயில் குறைந்தது. பிரேக்கில் லைனிங் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. கிளட்சில் அப்படி இல்லை. உங்களுடையது போன்ற தள்ளுகிற வகை கிளட்சில், பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும். அதன் விரல்கள் எதிர்ப்பக்கம், கியர்பாக்ஸை நோக்கி வரும். ரிலீஸ் பேரிங்கும் பின்னுக்குத் தள்ளப்படும். தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் பூஸ்டராக இருந்தால், அந்த அளவு ஆயில் மேலே டப்பாவுக்குத்தான் திரும்பும். ஆகவே கிளட்ச் ஆயில் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்றே கொள்ள வேண்டும். ஆயில் வெளியே போகும் வழியில் காற்று உள்ளே வரும். உங்கள் காலைத் தொல்லையின் ஆரம்பம் அங்கேதான் இருக்க வேண்டும். புதுப் பிளேட் போட்ட வேலையோடு அதற்குச் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

கசிவை எங்கே தேடுவது? மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க கப் விட்டுப்போனால் ஆயில் கேபினுக்குள், பெடல் ராடு வழியாக வழியும். பெடலுக்கு மேலே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பெயிண்ட் உரிந்திருக்கும். குழாய் இணைப்பான யூனியன், ஹோஸ் ஆகியவற்றின் கசிவு கண்ணுக்கே தெரியும். பலரும் தவறவிடுவது பூஸ்டருக்குள் நடக்கும் கசிவை. ஆயில் பக்கத்து சீல் போனால் ஆயில் காற்றுப் பக்கத்துக்குப் போய், பெடலை விடும்போது வெளியேறும் காற்றோடு கலந்து தூவலாகப் போய்விடும். தரையில் ஒரு சொட்டுகூட விழாது. பூஸ்டரில் காற்று வெளியேறும் துளையைச் சுற்றி ஈரமும் தூசியும் சேறாக அப்பியிருந்தால் இதுதான்.

இனி அந்த ராடை நீட்டிய வேலை. மதியத் தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள், பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சிறு துளை இருக்கும். டப்பாவையும் லைனையும் இணைப்பது அதுதான். பெடலை விட்டிருக்கும் நேரமெல்லாம் அது திறந்திருக்க வேண்டும். லைனில் உள்ள ஆயில் சூடாகி விரியும்போது கூடுதல் ஆயில் அந்தத் துளை வழியாக டப்பாவுக்குப் போய்விடும். பெடலை மிதித்ததும் பிஸ்டன் கப் துளையைத் தாண்டி அதை மூடும், அப்போதுதான் அழுத்தம் ஏறும். இதற்காகத்தான் பெடல் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி வைக்கிறார்கள். பெடலில் அது ஐந்தாறு மில்லிமீட்டர் வெறும் அசைவாகத் தெரியும். ராடை நீட்டி அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால் பிஸ்டன் முழுக்கத் திரும்பாது; துளை பாதியோ முழுதோ மூடியே கிடக்கும். காலையில் ஆயில் குளிர்ந்திருப்பதால் ஒன்றும் தெரியாது. வண்டி ஓடி, என்ஜின் சூடும், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் சூடும் லைனுக்கு ஏறியதும் ஆயில் விரியும். போக வழியில்லாத ஆயில் பூஸ்டர் பிஸ்டனைத் தள்ளும், அது ஃபோர்க்கைத் தள்ளும். நீங்கள் காலை எடுத்திருந்தாலும் யாரோ பெடலை லேசாக மிதித்தபடியே இருப்பது போல ஆகிவிடும். அப்படியே ஏற்றத்தில் ஏறினால் வழுக்காமல் என்ன செய்யும்? அரை மணி நேரம் நிறுத்தினால் ஆயில் குளிர்ந்து சுருங்கும், பிடிப்பு திரும்பும். உங்கள் வண்டியில் நடப்பது இதனோடு அப்படியே பொருந்துகிறது.

துளை மூடிக் கிடப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. இரவில் ஆயில் சுருங்கும்போது டப்பாவிலிருந்து நேராக ஆயில் இறங்க வழியில்லாமல் லைனுக்குள் உறிஞ்சல் உண்டாகும். ரப்பர் கப்பின் உதடு வெளிநோக்கிய அழுத்தத்தைத்தான் தாங்கும். உள்நோக்கிய உறிஞ்சலைத் தடுக்காது. தேய்ந்த கப் வழியாகக் காற்று உள்ளே வரும். அதாவது, காலைத் தொல்லைக்குச் செய்த வைத்தியமே காலைத் தொல்லையை வளர்த்துக்கொண்டிருக்கலாம்.

இது என் அனுமானம். வண்டியைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதி செய்யும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

வழுக்கல் உண்மையிலேயே வழுக்கல்தானா என்பதை முதலில் பாருங்கள். பழைய என்ஜினில் இழுவை குறைந்தாலும் வண்டி ஏறாது. டீசல் ஃபில்டர் அடைப்பு, டர்போ காற்றுக் கசிவு எல்லாம் அப்படித்தான் காட்டும். வேறுபாடு ஆர்.பி.எம். முள்ளில் தெரியும். இழுவை குறைந்தால் முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து இறங்கும். கிளட்ச் வழுக்கினால் வேகம் இறங்கும்போதே முள் ஏறும். முள் வேலை செய்யாத வண்டியானால் காதை நம்புங்கள். என்ஜின் இரைவதாக நீங்கள் எழுதியிருப்பதால் வழுக்கல் என்றே எடுத்துக்கொள்கிறேன். நின்ற இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, மேல் கியரில் கிளட்சை விட்டு என்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையும் இருக்கிறது. சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன்னால் யாரும் நிற்காமல், ஒரே ஒரு முறை செய்யலாம். அணைந்தால் பிடிப்பு இருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகிவிடும். உங்கள் வண்டியில் அந்தச் சோதனையைக் காலையில் செய்து பயனில்லை, பாஸ் ஆகிவிடும்.

கட் ஆகாததைப் பார்ப்பது இன்னும் சுலபம். என்ஜின் ஐடிலில், நியூட்ரலில், பெடலை அடிவரை மிதித்துப் பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான கனரக வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, எனவே அது பொய் சொல்லாது. அப்போதும் அரைத்தால் கட் ஆகவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுப் போட்டாலும் கியர் முரண்டு பிடித்தால் கோளாறு கியர் லிங்கேஜில் இருக்கிறது, கிளட்சை விட்டுவிடலாம்.

இப்போது முக்கியமான அளவு. காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, பூஸ்டரின் தள்ளுகோல் ஃபோர்க் லீவரைத் தொடும் இடத்துக்குப் போங்கள். லீவரில் ஒரு சாக்பீஸ் கோடு, பெல் ஹவுசிங்கில் அசையாத இடத்தில் ஒரு கோடு. இடையே உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிவையுங்கள். ஏர் டேங்கில் காற்று முழுதாக ஏறியபின் உதவியாளரைப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லி, லீவர் எவ்வளவு நகர்கிறது என்று அளங்கள். பெடலை அடித்து அடித்துப் பார்த்தபின் மறுபடியும் அளங்கள். முதல் மிதியில் குறைவாகவும் நாலாவது மிதியில் அதிகமாகவும் நகர்ந்தால், காற்றோ கப்போ என்பது உறுதியாகிவிட்டது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு நகர வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். பிரஷர் பிளேட் விலகும் தூரமே மொத்தம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். லீவரில் நாலைந்து மில்லிமீட்டர் தொலைந்தாலே கட் ஆகாமல் போக அது போதும்.

அதே அளவை மதியம், வழுக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். வழுக்கத் தொடங்கியதும் சமதளமான, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை போடுங்கள். பெடலைத் தொடாமல் கீழே போய்க் காலையில் எடுத்த தூரத்தை மறுபடியும் பாருங்கள். பிளேட் தேய்வதால் லீவர் நகர்வது மாதக்கணக்கில் நடப்பது, காலைக்கும் மதியத்துக்கும் இடையில் நடக்காது. கோடுகள் காலையில் இருந்த இடத்துக்குத் திரும்பாமல் சில மில்லிமீட்டர் மிதித்த பக்கமாகவே நின்றால், ஏதோ ஒன்று ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோடுகள் சரியான இடத்திலேயே இருந்தும் வழுக்கினால் குறை உள்ளேதான். அடுத்த சில பத்திகளைத் தாண்டி எண்ணெய் விஷயத்துக்குப் போய்விடலாம்.

பிடித்துக்கொண்டிருப்பது எது என்பதை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு இடமாகத் திறந்து கண்டுபிடிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சூடான ஆயில் கண்ணில் பட்டால் பெரிய கேடு. முதலில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து லைன் புறப்படும் யூனியனை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டு, லீவர் தன் இடத்துக்குத் திரும்பினால் அடைப்பு மாஸ்டர் சிலிண்டரில். ராடின் நீளமோ உப்பிய கப்போ துளையை மூடியிருக்கிறது. அங்கே திறந்தும் லீவர் அசையாமல், பூஸ்டரில் உள்ள நிப்பிளைத் திறந்ததும் பீறிட்டுத் திரும்பினால் நடுவில் உள்ள ஹோஸ்தான். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உப்பி ஒருவழிக் கதவு போல ஆகிவிடும். மிதிக்கும் வேகத்தில் ஆயில் போகும், திரும்பி வர வழி இருக்காது. சொட்டுச் சொட்டாக வருவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், டப்பாவின் உயரத்தாலேயே கொஞ்சம் வரும். பீறிடுகிறதா என்பதே கேள்வி.

நிப்பிளைத் திறந்தும் லீவர் திரும்பவில்லையென்றால் காற்றுப் பக்கம் பார்க்க வேண்டும். பெடலை விட்ட பிறகும் பூஸ்டருக்குள் காற்று தங்கினால் ஃபோர்க் அழுத்தப்பட்டே இருக்கும். உள்ளே இருக்கும் ரிலே வால்வு ஒட்டிக்கொண்டாலோ, காற்று வெளியேறும் துளையைச் சேறு அடைத்தாலோ இப்படி நடக்கும். நல்ல பூஸ்டரில் பெடலை விட்டதும் 'புஸ்' என்று ஒருமுறை மூச்சுவிடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இல்லையென்றால், அல்லது இழுத்து இழுத்து வந்தால், துளையைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஏர் டேங்கைக் காலிசெய்ததும் லீவர் திரும்பினால் பூஸ்டரைக் கழற்ற வேண்டியதுதான். டேங்கைக் காலிசெய்யுமுன் கட்டைகளை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்; ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய வண்டியில் காற்று போனால் பிரேக்கும் போய்விடும். இதற்கும் அசையாவிட்டால் ஃபோர்க் ஷாஃப்ட் அதன் புஷ்ஷில் இறுகியிருக்கிறது, அல்லது ரிலீஸ் பேரிங் தன் குழாயில் சிக்குகிறது. அதற்கு மட்டும் கியர்பாக்ஸை இறக்காமல் வழியில்லை.

பூஸ்டரைப் பற்றி இன்னொன்று. காலையில் ஏர் மீட்டர் எவ்வளவு காட்டும்போது வண்டியை எடுக்கிறீர்கள்? பல பழைய வண்டிகளில் முழு அளவு 7, 8 பார் இருக்கும். இரவில் காற்று கசிந்து டேங்க் காலியாகி, மீட்டர் ஏறுவதற்குள் கியர் போட்டால் பூஸ்டர் துணை இல்லாமல் காலின் பலம் மட்டுமே வேலை செய்யும். பெடல் கல் போல இருக்கும், அடிவரை போகாது. உங்களுக்குப் பெடல் கனமாக இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் காற்று முழுதாக ஏறும்வரை காத்திருந்து ஒருநாள் போட்டுப் பாருங்கள், ஒரு சந்தேகம் தீரும்.

நீங்கள் ஊற்றிய ஆயில் எனக்குக் கவலை தருகிறது. "கையிலிருந்த ஆயில்" என்றால் எது? டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ இருந்தால் அதுதான் ஊற்ற வேண்டும். சில வண்டிகளின் கிளட்சுக்கு மினரல் வகை ஆயிலையே தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். அதில் டாட் ஆயிலை ஊற்றுவதும் அதே அளவு கேடு. டாட் ஆயிலுக்காகச் செய்த ரப்பரில் என்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் எது பட்டாலும் ரப்பர் உப்பும். உப்பிய கப் அந்தச் சிறு துளையைத் தானே மூடிவிடும். அப்படியானால் ராடைச் சரிசெய்தாலும் மதியத் தொல்லை போகாது. கண்டுபிடிப்பது எளிது: டப்பா மூடிக்குள் இருக்கும் ரப்பர் தட்டைக் கழற்றுங்கள். அது அலை அலையாக நெளிந்து, உப்பி, திரும்ப மூடிக்குள் உட்கார மறுத்தால் தவறான ஆயில் போயிருக்கிறது. பிறகு பாதி வேலையாக எதுவும் செய்ய வேண்டாம். மாஸ்டர் கிட், பூஸ்டர் கிட், ஹோஸ் எல்லாம் மாற்றி, இரும்பு லைனைக் கழுவி, புதுச் சீல் உடைத்த பாட்டிலிலிருந்து ஆயில் ஊற்ற வேண்டும். ஒரு கப்பை மட்டும் மாற்றினால் லைனில் மிச்சமிருக்கும் ஆயில் அதையும் கெடுத்துவிடும். மாதக்கணக்கில் திறந்து கிடந்த டாட் ஆயில் பாட்டிலும் ஆகாது, அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.

ரப்பர் நன்றாக இருந்தால் ராடைப் பழைய அளவுக்குச் சுருக்குங்கள். பெடலைக் கையால் மெல்ல அழுத்தும்போது முதலில் ஐந்தாறு மில்லிமீட்டர் தளர்வாக இருந்து, பிறகு பிஸ்டன் தட்டுப்பட வேண்டும். பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்பின் நிப்பிளில் ஏர் எடுங்கள். இப்போது காலைத் தொல்லை கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். பயப்படாதீர்கள். ராடு மறைத்துவைத்திருந்த உண்மையான குறை வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். கசிவை நிறுத்தி, கப் மாற்றி, ஏர் முழுதாக எடுத்தால் அது தீர வேண்டும்.

தீராவிட்டால், இந்த வயது வண்டியில் தேய்மானத்தால் தொலையும் தூரத்தைத் தேடுங்கள். பெடல் பின் துளை முட்டை வடிவமாகியிருக்கும். பெடலை மிதிக்கச் சொல்லி மாஸ்டர் சிலிண்டரையே கவனியுங்கள். அது பொருத்தியிருக்கும் தகடு விரிசல் விட்டு, மிதிக்கும்போது முன்னால் வளைந்தால் அந்த வளைவு அத்தனையும் நஷ்டம். இருபது வருட கேபினில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது. வெல்டு வைத்துத் தடித்த தகடு கொடுத்தால் தீரும் வேலைக்குப் பூஸ்டர் மாற்றியவர்கள் உண்டு. அடுத்து ஃபோர்க் ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் லீவர் நகரும் தூரத்தில் ஒரு பங்கு ஷாஃப்ட் சாய்வதிலேயே போய்விடும். எட்டு மாதத்துக்கு முன் மாற்றிய சாமான்களின் பட்டியலில் புஷ் இல்லை என்பதையும் கவனித்தேன்.

இனி எண்ணெய் விஷயம். பெல் ஹவுசிங்கின் அடியில் பார்வைத் தட்டு இருக்கும். அதைத் திறந்து டார்ச் அடியுங்கள். உட்சுவர் தூசியாக, காய்ந்து இருந்தால் நல்லது. ஈரம் இருந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கறுத்து, மெலிதாக இருந்தால் கிராங்க் பின்சீல் வழியாக வந்த என்ஜின் ஆயில். பிசுபிசுப்பாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர்பாக்ஸின் முன்சீல். லைனிங் வரை எண்ணெய் போயிருந்தால், பெட்ரோல் ஊற்றிக் கழுவிச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். லைனிங் உள்ளே உறிஞ்சிய எண்ணெய் முதல் சூட்டில் மறுபடியும் வெளியே வரும். தட்டைத் திறந்திருக்கும்போது உள்ளே காற்றடித்து ஊதவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அப்படியானால் பிளேட் பிழைத்துவிட்டதா? அதற்கு நேர்மையான பதில், எத்தனை முறை கருகவிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓரிரு முறை வாசனை வந்து உடனே நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று வாரக்கணக்கில் ஓட்டியிருந்தால் லைனிங் கண்ணாடி போல் மினுங்கிப் போயிருக்கும், பிரஷர் பிளேட் ஸ்பிரிங் சூட்டில் பலமிழந்திருக்கும், ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகள் விழுந்திருக்கும். ஆயில் பக்கம் எல்லாம் சரியான பிறகும், மதியம் லீவர் சரியான இடத்தில் நின்றும், மேல் கியரில் லோடோடு வழுக்கினால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அப்போது பிளேட் மட்டும் போட்டுப் பழைய காரணத்தை விட்டுவைத்தால் அடுத்த பிளேட்டும் இதே வழியில் போகும். அதனால்தான் இவ்வளவு நேரம் கியர்பாக்ஸை இறக்காமல் உங்களை நிறுத்திவைத்தேன். ஆயில் பக்கம் சரியாகும்வரை லோடு ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு மதியமும் பிளேட்டிலிருந்து கொஞ்சம் கழிகிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களில் சிலருடைய வண்டியில் இழுக்கிற வகை கிளட்ச் இருக்கும்: இரண்டு பிளேட், சின்க்ரோ இல்லாத கியர்பாக்ஸ், இன்புட் ஷாஃப்டில் அதை நிறுத்தும் கிளட்ச் பிரேக். அவர்களுக்கு மேலே சொன்ன அளவுகள் பொருந்தாது. அந்த வகையில் பொதுவாக, பெடலை விட்ட நிலையில் ரிலீஸ் பேரிங்குக்கும் கிளட்ச் பிரேக்குக்கும் நடுவே 13 மி.மீ., ஃபோர்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே 3 மி.மீ. இருக்க வேண்டும். பிளேட் தேயத் தேய பெடலின் தளர்வு குறையும். உடனே லிங்கேஜைத் திருகித் தளர்வை வரவழைப்பது பலருடைய பழக்கம். அது தவறு. பேரிங் தன் இடத்தைவிட்டு என்ஜின் பக்கம் போயிருக்கிறது. கிளட்சுக்குள் இருக்கும் அட்ஜஸ்ட் வளையத்தைச் சுற்றித்தான் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். லிங்கேஜைத் திருகினால் தளர்வு வரும், கிளட்ச் பிரேக் எட்டாது, நின்ற வண்டியில் முதல் கியர் அரைக்கும். அந்த அரைப்பைக் கேட்டுப் பிளேட் மாற்றுவது வீண்.

கடைசியாக, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று வந்தால் மெக்கானிக்கிடம் சில விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஃப்ளைவீலைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் டயல் கேஜ் வைத்தும் பார்க்க வேண்டும். வெடிப்பும் நீலப் புள்ளியும் இருந்தால் லேத்தில் சீவ வேண்டும். பள்ளமான ஃப்ளைவீலாக இருந்தால் பிளேட் உட்காரும் முகத்தில் எவ்வளவு சீவுகிறார்களோ, பிரஷர் பிளேட் பொருந்தும் முகத்திலும் அதே அளவு சீவ வேண்டும்; இல்லையென்றால் அழுத்தம் மாறிவிடும். பைலட் பேரிங், ஃபோர்க் புஷ், கிராங்க் பின்சீல், கியர்பாக்ஸ் முன்சீல் நான்கையும் நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். இறக்கி ஏற்றும் கூலியோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை சிறிது. புதுப் பிளேட் இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்ளைனில் (நீளவாக்குப் பல்வரிகளில்) கையால் தள்ளினால் தடையின்றி ஓட வேண்டும். ஸ்ப்ளைனில் பள்ளம் விழுந்திருந்தால் பிளேட் அங்கே சிக்கிக் கட் ஆகாது. ஏற்றும்போது கியர்பாக்ஸை ஜாக்கில் நேராகத் தாங்க வேண்டும். ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழைந்தபின் ஒரு கணம்கூட அதன் எடை பிளேட்டின் நடுவில் தொங்கக் கூடாது, போல்ட்டை இறுக்கி இழுத்து உட்கார வைக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் புதுப் பிளேட் வளைந்துவிடும். மறுநாள் காலை முதல் கியர் மறுபடியும் அரைக்கும்.